காசு கொடுத்தால் விடுதலை கிடைக்கும் என்றால் அடிமைகள் ஏன் காசு சேர்த்து வாங்கிக்கொள்ளவில்லை?

வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கையில் காசு இருந்தால் மட்டும் போதாது, எஜமான் விற்கச் சம்மதிக்க வேண்டுமே! மேரி பிரின்ஸுக்கு நடந்ததைப் பாருங்கள்.

1788 வாக்கில் பிரிட்டிஷ் காலனியான பெர்முடா தீவில் அடிமையாகவே பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே தாய் கண்ணெதிரே ஏலம் போட்டு விற்றார்கள். அப்புறம் டர்க்ஸ் தீவு உப்பளம். விடியற்காலை நாலு மணிக்கு முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் இறங்கினால் ஒன்பது மணிக்குத்தான் கொஞ்சம் வேகவைத்த சோளம், காலெல்லாம் கொப்புளம், அது எலும்புவரை அரிக்கும். கடைசியில் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த ஆன்டிகுவாவில் ஜான் வுட் என்பவர் 300 டாலருக்கு வாங்கினார்.

அங்கே வீட்டு வேலை. எஜமான் குடும்பம் ஊரில் இல்லாதபோது வெளியார் துணி துவைத்தும், கப்பல்காரர்களுக்குக் காப்பியும் கிழங்கும் விற்றும் காசு சேர்த்தார். கப்பலில் மலிவாக ஒரு பன்றியை வாங்கிக் கரையில் இரட்டை விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார், கெட்டிக்காரி. அந்தத் தெம்பில் விடுதலை கேட்டதும் எஜமானிக்கு வந்ததே கோபம்! இந்த நினைப்பை உனக்கு யார் ஏற்றிவிட்டது என்று வசவு. வுட்டும் முடியாது என்றுவிட்டார்.

1828-ல் வுட் குடும்பம் அவரை லண்டனுக்குக் கூட்டிப்போனது. வாத நோயோடு மூட்டை மூட்டையாகத் துணி துவைக்கச் சொல்லி, முடியாவிட்டால் வெளியே போ என்று மிரட்ட, அவர் போயே விட்டார். இங்கிலாந்தில் யாரும் அவரைப் பிடித்துக் கப்பலேற்ற முடியாது. ஆனால் ஆன்டிகுவா திரும்பினால் மறுபடியும் அடிமைதான். அதே தீவைச் சேர்ந்த கிரேஸ் என்ற பெண்ணின் வழக்கில் 1827-ல் ஸ்டோவல் பிரபு கொடுத்த தீர்ப்பு அப்படி. மேரியின் கணவர் டேனியல் ஜேம்ஸோ ஆன்டிகுவாவில். அவர் காசு கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டவர், அவருடைய எஜமானி சம்மதித்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடிமை ஒழிப்புச் சங்கத்தார் பணம் தருகிறோம் என்றும் வுட் மசியவில்லை. 300 டாலர் சரக்குக்கு இத்தனை பிடிவாதம் என்றால் அது பணக் கணக்கே இல்லை, வெறும் வீம்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1829-ல் மேரி சார்பில் நாடாளுமன்றத்துக்கு மனு போனது, 1831-ல் அவர் சொல்லச் சொல்ல எழுதிய வாழ்க்கைக் கதை அச்சாகி வந்தது, அதற்கும் வுட் அவதூறு வழக்குப் போட்டார்.

1834 ஆகஸ்ட் 1-ல் ஆன்டிகுவாவில் எல்லா அடிமைகளும் விடுதலையானார்கள். அடிமை ஒழிப்புக்காக பிரிட்டிஷ் அரசு தன் காலனிகளுக்கெல்லாம் சேர்த்து ஒதுக்கிய 2 கோடி பவுண்டு நஷ்டஈடு முழுக்க எஜமானர்களுக்குத்தான்.