வாசகர் கேள்வி: விறகு ஜெனரேட்டர் விடும் கரியமில வாயு எவ்வளவு?

கேள்வி: எங்கள் முந்திரி உடைக்கும் ஆலையில் மின்தடை நேரங்களுக்காக டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். அதற்குப் பதிலாக, விறகிலிருந்து வாயு எடுத்து ஓடும் 20 கிலோவாட் கேசிஃபயர் ஜெனரேட்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். விற்க வந்தவர், இதில் கரியமில வாயு வெளியேற்றமே கிடையாது என்கிறார். பொறியியல் படிக்கும் என் மகனோ, டீசலைவிட விறகுதான் அதிகம் வெளியிடும் என்கிறான். யார் சொல்வதை நம்புவது?
– வாசகர், காடாம்புலியூர்

பதில்: புகைபோக்கியில் வருவதை மட்டும் அளந்தால் உங்கள் மகன் சொல்வதே சரி. நன்றாகக் காய்ந்த சவுக்குத் துண்டிலும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஈரம் இருக்கும். மீதியில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஆகவே ஒரு கிலோ விறகு முழுவதும் எரிந்தால் சுமார் 1.5 கிலோ கரியமில வாயு உண்டாகும். எரித்த பொருளைவிட வாயுவின் எடை கூடுவதற்குக் காரணம், காற்றிலுள்ள ஆக்சிஜன் கார்பனோடு சேர்வதுதான். இந்த அளவிலான ஜெனரேட்டர்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.2 முதல் 1.5 கிலோ விறகு வரை கேட்கும் என்பதால், யூனிட்டுக்கு ஏறத்தாழ 2 கிலோ வாயு வெளியேறுகிறது. ஒரு லிட்டர் டீசல் 2.7 கிலோ வாயுவை வெளியிட்டாலும், அந்த ஒரு லிட்டரில் மூன்று யூனிட் கிடைத்துவிடுவதால் யூனிட்டுக்கு 0.9 கிலோதான் ஆகிறது. பழுப்பு நிலக்கரி மின்சாரத்தில்கூட இது பொதுவாக 1.2 முதல் 1.4 கிலோ வரைதான். விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அளவே மின்சாரமாக மாறுகிறது, டீசலில் முப்பது பங்கு வரை மாறுகிறது என்பதும், மரத்தில் கார்பனோடு ஆக்சிஜனும் கலந்திருப்பதால் அதன் எரிதிறன் இயல்பிலேயே குறைவு என்பதும் இந்த வித்தியாசத்துக்குக் காரணங்கள்.

விற்பனையாளர் பேச்சில் உண்மையே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. டீசலில் உள்ள கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்கடியில் கிடந்தது; விறகில் உள்ளதோ, அந்த மரம் வளர்ந்த ஆண்டுகளில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளர்ந்தால், விட்ட வாயு திரும்ப உள்ளே போய்விடும். நாடுகள் ஐ.நா.வுக்குத் தரும் கணக்கிலும் விறகின் கரியமில வாயுவை எரிசக்திப் பிரிவில் கூட்டுவதில்லை. மரத்தை வெட்டியதால் ஏற்படும் இழப்பாக நிலப் பயன்பாட்டுப் பிரிவில் எழுதுகிறார்கள். கணக்கு ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்கு மாறுகிறதே தவிர, அழிந்துவிடுவதில்லை. விற்பவர்கள் முதல் பேரேட்டை மட்டும் விரித்துக் காட்டுவது வழக்கம்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, விறகு எங்கிருந்து வரப்போகிறது என்பதைத்தான். கடலூர், புதுச்சேரிக் கடற்கரை மணல் நிலங்களில் சவுக்கு நட்டு மூன்று, நான்கு ஆண்டுகளில் வெட்டி, அதே கொல்லையில் மறுபடி நடுகிறார்கள். அங்கே கடன் வாங்கிய கார்பன் அந்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவிடுகிறது. முப்பது ஆண்டு வளர்ந்த முந்திரி மரத்தை வெட்டிப் போட்டால் அந்தக் கடன் தீர அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த முந்திரித் தோப்புகளை நினைத்துப் பாருங்கள்: அப்படி விழுந்த மரம் எரிக்காவிட்டாலும் மட்கிக் கரியமில வாயுவாகத்தான் போயிருக்கும், எனவே அதிலிருந்து மின்சாரம் எடுத்தால் புதிய சுமை அதிகமில்லை, நின்றுகொண்டிருக்கும் மரத்துக்கு இந்த நியாயம் பொருந்தாது. காகித ஆலைக்குப் போகும் கட்டையை விலை கொடுத்து வாங்குவதைவிட, வெட்டிய கொல்லையில் மிஞ்சும் வேர்க்கட்டையைத் துண்டாக்கி உலர்த்திப் பயன்படுத்துவது நல்லது. சவுக்கு மிலாறு, அதாவது மெல்லிய கிளைகள், மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அப்படியே கொட்டினால் கேசிஃபயர் கலனுக்குள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கீழே இறங்காது.

உங்களிடம் மலையாகக் குவிந்திருக்கும் முந்திரி ஓட்டைப் போடலாமே என்று தோன்றும். ஓட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் எண்ணெய் இருப்பதால், எண்ணெய் எடுக்காத ஓடு தாராக மாறி வடிகட்டியையும் இன்ஜின் வால்வையும் அடைத்துவிடும்.

'கொஞ்சம் டீசல், கொஞ்சம் வாயு' என்று இரண்டும் கலந்து ஓடும் இன்ஜினா என்பதையும் விசாரியுங்கள். அந்த வகை, நல்ல சுமையில் டீசலில் எழுபது விழுக்காடு வரை மிச்சம் பிடிக்கும். மீதி முப்பதுக்கு யூனிட்டுக்கு 0.27 கிலோ வீதம், பூமிக்கடியிலிருந்து வந்த கார்பனின் கரியமில வாயு போய்க்கொண்டேதான் இருக்கும். தவிர, கேசிஃபயரைப் பற்றவைத்தவுடன் வரும் வாயு இன்ஜினுக்கு ஆகாது. சுடர் நிலையாக நின்று எரியும்வரை அதை வெளிக்குழாயில் கொளுத்திவிட வேண்டும். அரைமணி நேர மின்தடைக்காக இதை மூட்டினால், மின்சாரம் கிடைப்பதற்கு முன்பே விறகு வீணாகும். நாள் முழுவதும் ஓட்டுகிறவர்களுக்கு இது ஏற்ற இயந்திரம். உங்கள் தேவை மின்தடைக்கு மட்டும் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இன்ஜினுக்குப் போகும் முன்பே அந்த வாயுவில் கரியமில வாயு கலந்திருக்கிறதாமே? அதைப் பிரித்து எடுத்துவிட்டால் வெளியேற்றம் குறையுமா? அடியில் விழும் கரியை என்ன செய்வது?
– வாசகி, பாகூர்

பதில்: கலந்திருப்பது உண்மை, நூற்றுக்கு 9 முதல் 12 பங்கு வரை இருக்கும். பாதியளவு நைட்ரஜன், எரியக்கூடியவை கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சிறிதளவு மீத்தேனும். கலனுக்குள் தேவையான சூட்டை, விறகின் ஒரு பகுதியை எரித்தே பெற வேண்டியிருப்பதால் இது தவிர்க்க முடியாதது. இந்தச் சிறிய அளவில் பிரித்தெடுப்பது செலவுக்குத் தகாது. பிரித்தாலும், மோனாக்சைடு இன்ஜினில் எரிந்து கரியமில வாயுவாகத்தான் வெளியேறும். கரி வேறு விஷயம்: நூறு கிலோ விறகுக்கு ஐந்து கிலோ கரி மிஞ்சினால், அதை மண்ணில் சேர்க்கும்போது மொத்த வெளியேற்றத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது நெடுங்காலம் நிலத்திலேயே தங்கும், அடுப்பில் போட்டால் அதுவும் போய்விடும்.

கேள்வி: ஜெனரேட்டர் கொட்டகையில் நின்றால் தலை வலிக்கிறது. கரியமில வாயுவினாலா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கார்பன் மோனாக்சைடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விறகிலிருந்து எடுக்கும் வாயுவில் அது ஐந்தில் ஒரு பங்கு. நிறமும் மணமும் இல்லாதது, உயிரைப் பறிக்கக்கூடியது. உடனே வெளியே வந்து மருத்துவரைப் பாருங்கள். குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து, கொட்டகையின் இரு பக்கச் சுவரையும் திறந்துவிட்டு, மோனாக்சைடு கண்டறியும் கருவி ஒன்றைப் பொருத்தும்வரை இயந்திரத்தை ஓட்ட வேண்டாம்.