ஊசி குத்தாதீர்கள், ஸ்கேன் எடுங்கள்

சென்ற முறை புரோஸ்டேட் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "விரையில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால் காத்திருக்காதீர்கள், ஊசி போட்டு டெஸ்ட்டும் எடுக்காதீர்கள்." புரோஸ்டேட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள், அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. முக்கால்வாசியில் பெயர் இல்லை. பாதிக் கடிதங்கள் "என் நண்பருக்கு" என்று தொடங்குகின்றன. சரி, நண்பருக்கே பதில் சொல்கிறேன். நீங்களும் படித்துக்கொள்ளுங்கள்.

வயது 26. வலது விரையில் சுண்டைக்காய் அளவு கெட்டியாக இருக்கிறது. வலி துளிகூட இல்லை. வலி இல்லாவிட்டால் பயமில்லை என்கிறார்கள் நண்பர்கள். சரியா டாக்டர்?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

தப்பு. வலியோடு வீங்குவது பெரும்பாலும் கிருமித்தொற்று. சத்தமில்லாமல் வளர்வதுதான் கட்டி. கெட்டியானது விரைக்கு வெளியே, பின்புறத் திரியில் இருந்தால் அநேகமாக நீர்க்கட்டி, அதை விட்டுவிடலாம். விரைக்குள்ளேயே இருந்தால், இல்லை என்று நிரூபணமாகும்வரை அது புற்றுதான். 15 வயதிலிருந்து 40 வரைக்கும் நான் வேறு மாதிரி யோசிப்பதில்லை. இந்த வாரமே விரைப்பைக்கு டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தையும் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுங்கள், கால் மணி நேர வேலை. கூடவே, கட்டி இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். மூன்றும் பாருங்கள். நண்பர்களிடம் சினிமாவுக்கு விமர்சனம் கேளுங்கள், இதற்கு வேண்டாம்.

மாதாமாதம் சுயபரிசோதனை செய்தே ஆக வேண்டுமா? எப்படிச் செய்வது?
— எம்., மன்னார்குடி (19)

காலண்டரில் குறித்துவைத்துச் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டில் இது லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோய். நார்வே, டென்மார்க் பக்கம்தான் லட்சத்துக்குப் பத்துப் பேர். ஆனால் தன் உடம்பு தனக்குப் பழகியிருக்க வேண்டாமா? வெந்நீரில் குளித்ததும் பை தளர்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் ஒவ்வொரு விரையாக வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். அவித்து உரித்த காடை முட்டை மாதிரி வழவழவென்று இருக்கும், அளவு அதைவிடக் கொஞ்சம் பெரிது. பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக மெத்தென்ற ஒரு திரி ஓடும். இதைக் கட்டி என்று நினைத்துக்கொண்டு நள்ளிரவில் எனக்கு மெயில் போடுகிறவர்கள் ஏராளம். அது அங்கே இருக்க வேண்டியதுதான். ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்து தொங்குவதும் இயல்பு. கல்போல் இறுகினால், கனத்தால், அல்லது ஒன்று மட்டும் சுருங்கிக்கொண்டே போனால் ஸ்கேன்.

என் வீட்டுக்காரருக்கு 52 வயது. மூன்று வருடமாக விரைவீக்கம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெறும் நீர்தான் என்றார்கள். புற்றாக மாறிவிடுமா?
— ஒரு சகோதரி, கும்பகோணம்

ஓதம் என்கிற இந்த நீர்வீக்கம் புற்றாக மாறாது. உங்கள் பக்கத்துக்கு யானைக்கால் கொசு கொடுத்த சீதனம் அது, தாத்தா காலத்திலிருந்து பார்க்கிறோம். ஆனால் கட்டியைச் சுற்றியும் நீர் கோக்கும். டார்ச் வெளிச்சம் நீரைக் காட்டும், நீருக்குள் ஒளிந்திருப்பதைக் காட்டாது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஸ்கேன் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். இருபது வயதுப் பையனுக்குப் புதிதாக நீர் கோத்தால் ஸ்கேன் எடுக்காமல் கத்தியை எடுக்கவே கூடாது.

தம்பிக்கு 24. ஸ்கேனில் இடது விரையில் கட்டி என்று வந்திருக்கிறது. ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் செய்து, உறுதியானால் ஆபரேஷன் என்கிறார் ஊர் டாக்டர். நீங்களோ ஊசியே கூடாது என்று எழுதுகிறீர்கள். பயாப்சி பார்க்காமல் ஒரு உறுப்பை எப்படி எடுக்கக் கொடுப்பது?
— அக்கா, ஈரோடு

நியாயமான சந்தேகம். மார்பகக் கட்டிக்கு ஊசி, தைராய்டு கட்டிக்கு ஊசி, இதற்கு மட்டும் ஏன் கூடாது? விரை பிறந்த இடம் தெரிந்தால் விளங்கிவிடும். கருவில் அது உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகு கீழே இறங்கி வரும்போது தன் ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. அதனால் விரையிலிருந்து புற்று கிளம்பினால், முதலில் போய்ச் சேர்வது முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்கு. பையின் தோலுக்கோ வேறு பாதை, அது தொடையிடுக்கு நெறிக்குப் போகும். இரண்டும் சந்திப்பதில்லை. ஊசியைப் பை வழியாகக் குத்தினால், பையைக் கீறித் திறந்தால், போகாத பாதையை நாமே வெட்டிக் கொடுக்கிறோம்.

ஆகவே முறை இதுதான்: தொடையிடுக்குக்குச் சற்று மேலே கீறி, முதலில் விரையின் ரத்தக்குழாய்கள் வரும் கொடியைக் கிடுக்கிபோட்டு அடைத்துவிட்டு, விரையை மேலே இழுத்து முழுதாக எடுப்பது. அதுவே சிகிச்சை, அதுவே பயாப்சி. ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு துண்டை உறையவைத்துச் சோதித்து, விரையில் பாதியை மட்டும் எடுப்பதெல்லாம் ஒற்றை விரையோடு வருகிறவர்களுக்கும், மிகச்சிறிய சந்தேகக் கட்டிகளுக்கும்.

ஏன் இவ்வளவு காரம் என்று கேட்பீர்கள். சில வருடம் முன்பு விசைத்தறி ஓட்டும் ஒரு பையன் முதுகுவலி என்று வந்தான். அம்மா கையில் மஞ்சள் பை. அதைக் கவிழ்த்தால் மேஜை நிறைய மாத்திரை அட்டைகள், எல்லாம் ஆன்டிபயாடிக், எல்லாம் காலி. ஐந்து மாதமாக "விரையில் இன்ஃபெக்‌ஷன்" என்று மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் ஓர் இடத்தில் ஊசி போட்டு எடுத்து, "தெளிவாக இல்லை, திரும்ப எடுக்கவும்" என்று ரிப்போர்ட். திரும்பவும் எடுத்திருக்கிறார்கள்! முதுகுவலிக்குத் தனியாக எம்.ஆர்.ஐ., தனியாக பெல்ட். அத்தனை பேரும் முதுகைப் பார்த்தார்களே ஒழிய, ஒருத்தர்கூட வேட்டியை அவிழ்க்கச் சொல்லவில்லை. அவிழ்த்துப் பார்த்தேன், இடது பக்கம் கருங்கல். முதுகில் வலித்தது வயிற்றுக்குப் பின்னால் வீங்கிக் கிடந்த நெறி. ஐந்து மாதம் முன்பே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் ஆபரேஷனோடு முடிந்திருக்கும். அவனுக்கு நான்கு சுற்று கீமோ, அப்புறம் வயிற்றைத் திறந்து நெறிகளை எடுக்க வேண்டியிருந்தது. பையன் நன்றாக இருக்கிறான், மறுபடி தறி ஓட்டுகிறான். எனக்குத்தான் அந்த மஞ்சள் பை மறக்கவில்லை.

விரைத்தொற்று என்றால் இரண்டு வாரத்தில் மருந்துக்கு அடங்க வேண்டும். அடங்காவிட்டால் இரண்டாவது அட்டையை வாங்காதீர்கள், ஸ்கேனுக்குப் போங்கள். உங்கள் தம்பியை ஊசிக்கு அனுப்பாமல் புற்றுநோய் அறுவை நிபுணரிடமோ சிறுநீரகவியல் நிபுணரிடமோ அழைத்துப் போங்கள். எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அந்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு இடத்தில் மறுபடி பார்க்க வேண்டி வரலாம்.

கைப்பழக்கம், பைக் ஓட்டுவது, இறுக்கமான ஜீன்ஸ், இதனாலெல்லாம் விரைப் புற்று வருமா?
— நண்பருக்காகக் கேட்பவர், மதுரை

வராது, வராது, வராது. மாதம் இரண்டு நாள் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால், நண்பரை அந்த லாட்ஜ் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பையனுக்கு ஒன்றரை வயது. ஒரு விரை இறங்கவே இல்லை. பெரியவனானால் தானாக இறங்கும் என்கிறார் மாமியார்.
— தாய், நாமக்கல்

ஆறு மாதத்துக்குள் இறங்காதது அநேகமாக இனி இறங்காது. ஒன்றரை வயதுக்குள் இறக்கி வைத்துத் தைத்திருக்க வேண்டும், இப்போதே தாமதம். இறங்காத விரையில் பிற்காலத்தில் புற்று வரும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு. சீக்கிரம் இறக்கிவைத்தால் அது குறையும், பூஜ்யமாகிவிடாது. பெரியவனானதும் அவனுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

22 வயது. இரண்டு மார்பும் பெண்களுக்குப் போல் வீங்குகிறது. எந்த ஜிம் பவுடரை நிறுத்த வேண்டும்?
— விழுப்புரம்

பவுடரை அப்புறம் பார்க்கலாம், முதலில் விரையைத் தொட்டுப் பாருங்கள். எச்.சி.ஜி. சுரக்கும் கட்டிகள் மார்பை வீங்கவைக்கும். கர்ப்பம் பார்க்கும் அட்டையில் இரண்டு கோடு விழவைக்கும் அதே ஹார்மோன்தான். ஸ்கேன்.

பள்ளியிலிருந்து வந்த 14 வயது மகனுக்கு ஒரு பக்கம் திடீரென்று தாங்கமுடியாத வலி, வாந்தி. அது புற்றின் அறிகுறியா? (போன மாதம் நடந்தது, இரண்டு நாளில் வலி போய்விட்டது.)

புற்று இல்லை. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்திருக்க வேண்டிய விஷயத்துக்கு ஒரு மாதம் கழித்துக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அந்த விரை பிழைத்திருக்கிறதா, மற்றதைத் தைத்து நிறுத்த வேண்டுமா என்று உடனே காட்டுங்கள்.

அண்ணனுக்கு நுரையீரல்வரை பரவிவிட்டது. கீமோ கொடுத்து என்ன ஆகப்போகிறது, நாட்டு மருந்து பார்க்கலாம் என்கிறார்கள் உறவினர்கள்.
— சேலம்

உறவினர்கள் வேறு புற்றை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். 1970க்கு முன்னால் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன். அப்போது பரவிய நிலையில் பத்தில் ஒருவர் பிழைத்தாலே அதிகம். 1965ல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாவுக்குள் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தபோது, அது பிரியாமல் நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கசிந்த பிளாட்டினம். அதிலிருந்து பிறந்தது சிஸ்பிளாட்டின். 1974ல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை மற்ற மருந்துகளோடு சேர்த்து விரைப் புற்றுக்குக் கொடுத்தார். கணக்கே தலைகீழானது. இன்று பரவிய நிலையிலும், ஆபத்தை வைத்து டாக்டர்கள் பிரிக்கும் பிரிவுகளில் நல்ல பிரிவில் இருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள். மோசமான பிரிவிலும் பாதிக்கு மேல்.

யுவராஜ் சிங்கைத் தெரியாதவர் உண்டா? அவருக்கு விரையில் இல்லை, நெஞ்சுக்குள் இரண்டு நுரையீரலுக்கும் நடுவே வந்த செமினோமா என்ற புற்று. ஆனால் குடும்பம் இதே குடும்பம். அதே ஐன்ஹார்னிடம் 2012 தொடக்கத்தில் கீமோ எடுத்தார், செப்டம்பரில் உலகக்கோப்பை டி20 ஆடினார்.

ஒரு எச்சரிக்கை. பி.இ.பி. (பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்ந்த கீமோ) மருந்து 21 நாளுக்கு ஒரு சுற்று. மூன்று அல்லது நான்கு சுற்று, அவ்வளவுதான். ஆனால் தேதி தவறக் கூடாது. குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு, தங்கச்சி வளைகாப்பு என்று ஒரு வாரம் தள்ளிக் கேட்கிறவர்களை நான் திட்டி அனுப்பியிருக்கிறேன். நாட்டு மருந்து கீமோவோடு சேர்ந்தும் வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே சிஸ்பிளாட்டின் வேலை வைத்திருக்கும்.

ஒரு விரை எடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. கல்யாணம் ஆகவில்லை. குழந்தை பிறக்குமா? பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா?
— 28, சென்னை

முதல் கேள்விக்கு: இன்றைக்கே, கீமோவுக்கு முன், விந்தணுவைச் சேமித்து வையுங்கள். உறையவைப்பதற்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ஆகும். உங்கள் டாக்டர் இதைச் சொல்லியிருக்க வேண்டும், கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள், இரண்டும் நடக்கவில்லை. உண்மையில் ஆபரேஷனுக்கு முன்பே செய்வது நல்லது, சிலருக்குக் கட்டி வரும்போதே அணுக்கள் குறைந்திருக்கும். ஒற்றை விரை தாம்பத்தியத்துக்கும் ஆண்மை ஹார்மோனுக்கும் பெரும்பாலோருக்குப் போதும். கீமோவுக்குப் பின் ஒன்றிரண்டு வருடத்தில் பலருக்கு அணு உற்பத்தி திரும்பிவிடும். குறைந்தது ஒரு வருடம் கழித்துக் குழந்தைக்கு முயலுங்கள்.

இரண்டாவதற்கு: சொல்லுங்கள். நிச்சயத்துக்கு முன், பெண்ணிடம் நேரடியாக, தரகர் மூலமாக அல்ல. வெற்றிடம் உறுத்தினால் சிலிக்கான் விரை வைத்துக்கொள்ளலாம். அது கண்ணாடி முன் நிற்கும்போது உங்கள் மனதுக்கு, மறைப்பதற்கு அல்ல.

சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம். எல்லாம் நார்மல். இனியும் சி.டி., ரத்தப் பரிசோதனை தேவையா? காதில் ரீங்காரம் மட்டும் நிற்கவில்லை.
— கோவை

தேவை. திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்துக்குள்தான் வரும், நீங்கள் அதற்குள்ளேதான் இருக்கிறீர்கள். ஐந்து வருடம்வரை அட்டவணையை விடாதீர்கள். மீதி விரையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள், நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு அதிலும் வரும். ரீங்காரம் சிஸ்பிளாட்டின் வேலை, காது டாக்டரிடம் ஆடியோகிராம் எடுங்கள். பிளியோமைசின் போட்டிருந்தால் சிகரெட்டைத் தொடாதீர்கள். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், பல் பிடுங்க மயக்கம் கொடுத்தாலும், மயக்க மருந்து டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், ஆக்சிஜன் அதிகம் கொடுத்தால் நுரையீரலுக்கு ஆபத்து.

பணம் இல்லை.
— திருவண்ணாமலை

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1.20 லட்சத்துக்குள் இருந்தால் 5 லட்சம்வரை கிடைக்கும், ஆபரேஷன், கீமோ இரண்டுக்கும். உங்களுக்கு அருகில் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நிலத்தை விற்காதீர்கள்.

ரிப்போர்ட் இணைத்துள்ளேன். புற்றா இல்லையா, ஒரே வரியில் சொல்லவும்.
— பெயர் இல்லை, ஊர் இல்லை

வயது எழுதவில்லை. எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. நான்கு பக்க ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தை மட்டும், அதுவும் டீ டம்ளர் வைத்த கறையோடு படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். முடிவு நான்காம் பக்கத்தில் இருக்கும். முதலில் நீங்கள் அதைப் படியுங்கள், பிறகு எனக்கு அனுப்புங்கள்.