பழைய திறந்த ஜீப்பின் முன்கண்ணாடி ஆடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

கேள்வி கேட்டவர் 1960களில் வந்த மகிந்திரா சிஜே3பி ஜீப் வைத்திருக்கிறார். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்கண்ணாடி ஃபிரேமோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடுகிறதாம். எல்லா போல்ட்டையும் நன்றாக முறுக்கிப் பார்த்தும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்த "நன்றாக முறுக்கி" என்பதைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இனிமேல் முறுக்காதீர்கள். உங்கள் வண்டியைப் பார்க்காமலே சொல்கிறேன், அண்மையில்தான் மேலே கூரையாகக் கட்டும் படுதாவைக் கழற்றியிருப்பீர்கள். படுதா கட்டியிருக்கும்வரை அதன் கம்பியும் இழுவையும் ஃபிரேமின் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆட்டம் அப்போதும் இருந்திருக்கும், தெரிந்திருக்காது.

நான் மெக்கானிக் இல்லை. கேரளாவில், இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறேன். ஆனால் இந்த ஜீப்போடு பிறந்து வளர்ந்தவன். எங்களுடையது 1966 மாடல். எண் இன்றைக்கும் கே.எல்.கே. என்றுதான் தொடங்கும். இடுக்கி மாவட்டம் 1972-ல்தான் வந்தது, அதற்கு முன்னால் எங்கள் ஊர் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது, கே.எல்.கே. அந்த மாவட்டத்தின் எழுத்து. போடியிலிருந்து விடிகாலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிவருவதற்காக அப்பா அதை வாங்கினார்.

1997 பிப்ரவரி. எனக்கு இருபது வயது. மிளகு மூட்டைகளை உயரமாக அடுக்க வேண்டுமென்று படுதாவைக் கழற்றிவிட்டோம். கண்ணாடி கடகடவென்று ஆடியது. அப்பா, "போடி போனதும் பட்டறையில காட்டுவோம்டா" என்றார். நான் கேட்கவில்லை. டேஷ்போர்டுக்கு மேலே ஃபிரேமைப் பிடித்திருக்கும் இரண்டு கொண்டிகளையும் ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். ஆட்டம் உடனே நின்றுவிட்டது. எனக்குப் பெருமை.

போடிமெட்டுக்குக் கீழே 17 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தோ ஆறோ இறங்கியிருப்போம். எதிரே பஸ் வந்தது, அப்பா பிரேக்கை அழுத்தினார். வலப்பக்கக் கொண்டி தகரத்தோடு பிய்ந்துகொண்டு வந்தது. இடப்பக்கக் கொண்டியால் தனியாகத் தாங்க முடியவில்லை. மொத்த ஃபிரேமும் முன்னால் சாய்ந்து பேனட்டில் அறைந்தது. தடுக்கப்போன அப்பாவின் இடக்கை மணிக்கட்டு கிழிந்தது. ஏழு தையல். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் அது உள்ளேயே கிடந்து உறுத்தியிருக்காது.

நெடுங்கண்டத்தில் ஒரு டிங்கரிங் ஆசான் இருந்தார், மலையாளி. வண்டியை அவரிடம் விட்டோம். பிய்ந்த தகரத்தை அவர் பார்க்கவே இல்லை. ஃபிரேம் முன்னால் மடங்குவதற்காக வைத்திருக்கும் பக்கவாட்டுக் கீலுக்கு நேராகப் போய், போல்ட்டைக் கழற்றி, ஓட்டையை என்னிடம் காட்டினார். வட்டமாக இருக்கவேண்டியது முட்டை வடிவத்தில் இருந்தது. "இவிடெயாணு ஆட்டம். முறுக்கண்ட மோனே" என்றார், இங்கேதான் ஆட்டம், முறுக்க வேண்டாம் மகனே என்று. ஆட்டம் கீலில். நான் முறுக்கியது கொண்டியை. கீல் தேய்ந்த வண்டியில் கொண்டியை முறுக்கினால் அதிர்ச்சி முழுவதும் அந்த மெல்லிய தகரத்துக்குப் போய்ச் சேரும். என் முறுக்கு அந்த வேலையைத்தான் செய்திருக்கிறது.

அவர் சொல்லிக்கொடுத்தபடி இப்படிப் பாருங்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஃபிரேமின் மேல்விளிம்பை நடுவில் பிடித்து மெதுவாக ஆட்ட வேண்டும். நீங்கள் வெளியே நின்று விரலால் தொட்டுப் பாருங்கள்: முதலில் இரண்டு கீல்கள், பிறகு கொண்டிகள் உட்கார்ந்திருக்கும் தகரம், பிறகு கண்ணாடிக்கும் ஃபிரேமுக்கும் இடையில் உள்ள ரப்பர் பீடிங். எங்கே விரலுக்குக் கீழே அசைகிறதோ அங்கேதான் வேலை. கடைசியாக ஃபிரேமின் அடிக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிக் கொண்டிகளைப் போட்டுவிட்டுக் காகிதத்தை இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் அடி ரப்பர் செத்துவிட்டது. பாதி வண்டிகளில் இந்த ரப்பர் ஒன்றே காரணமாக இருக்கும், செலவும் மிகக் குறைவு.

கீல் ஓட்டை முட்டையாகியிருந்தால் பெரிய போல்ட் போட்டு ஒப்பேற்றாதீர்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டையை வெல்டிங்கில் அடைத்து, சரியான அளவுக்கு மறுபடி துளைக்க வேண்டும். அல்லது லேத்தில் பித்தளை புஷ் (ஓட்டைக்குள் செருகும் சிறு குழாய்) கடைந்து போடலாம். போல்ட்டின் மரை இல்லாத வழவழப்பான பகுதிதான் புஷ்ஷில் உட்கார வேண்டும். மரை உரசினால் அது அரம்போல ராவிவிடும், இரண்டு மழைக்காலத்தில் பழைய கதைதான். கொண்டி இருக்கும் தகரம் கீறியிருந்தால் பின்னால் 2 மில்லிமீட்டர் தகடு ஒன்றை அகலமாக வைத்துப் பிடியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கொண்டியைக் கையால் மட்டும் இறுக்கினால் போதும்.

டீசல் என்ஜின் மாற்றிய வண்டி என்றால் என்ஜின் மவுண்ட் ரப்பரையும் பாருங்கள். அந்த அதிர்வு தீராமல் எதைச் சரிசெய்தாலும் மறுபடி கழன்றுவிடும்.

சிலர் ஃபிரேமைப் பாடியோடு சேர்த்து வெல்டு வைத்துவிடச் சொல்வார்கள். சிலிகான் அடிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். சிலிகானுக்கு அடியில் தண்ணீர் தங்கித் தகரத்தைத் தின்னும், இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பெய்கிற எங்கள் பக்கத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மடங்குகிற கண்ணாடி அலங்காரத்துக்கு வைத்ததில்லை. போர்க்கால வில்லிஸ் ஜீப் எதிரி கண்ணுக்குத் தாழ்வாகத் தெரியவேண்டும் என்று வைத்தது, அதன் வழிவந்ததுதான் நம்முடையதும். ஆனால் மிலிட்டரி ஜீப் ஃபிரேமை வாங்கி இதில் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். அதில் இரண்டு கண்ணாடி. 3பியில் ஹரிக்கேன் என்ஜினின் உயரத்துக்காக பேனட்டைத் தூக்கியிருப்பார்கள், அதனால் கண்ணாடி குட்டை.

"ஜீப்பெல்லாம் விண்டேஜா" என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயதைக் கடந்த வண்டியை விண்டேஜ், அதாவது பழம்பெரும் வண்டி, என்று பதியலாம். நான் பதியவில்லை. பதிந்தால் அன்றாடம் ஓட்டக்கூடாது. என் வண்டி இன்றும் சாக்கு சுமக்கிறது.

கண்ணாடியே மாற்றவேண்டி வந்தால் லேமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) போடுங்கள். 3பியில் தட்டைக் கண்ணாடி என்பதால் நல்ல கண்ணாடிக் கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். டஃபன்டு (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. லேமினேட்டட் உடைந்தாலும் சிதறாமல் நிற்கும். இதை நான் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. 2011 டிசம்பரில், முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது, தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பயந்து தேனிப் பக்கம் இறங்கின. நாங்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் இறங்கினோம். மேலே கேரளாவில் நாங்கள் "பாண்டி", தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் பெயர். கீழே எங்கள் எண் கேரளா எண். இருட்டிலிருந்து வந்த கல் அந்த எண்ணைப் பார்த்து வந்தது. உள்ளே இருந்தது ஆறு தமிழ்ப் பிள்ளைகள். கண்ணாடி வலைபோல விரிசல் விட்டது, ஒரு துண்டுகூட உள்ளே விழவில்லை. எறிந்தவர் யாரென்று தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் இரண்டு பக்கத்திலும் எங்களை அடுத்தவன் என்று பார்க்கிறார்களே, அது இன்னும் வலிக்கிறது. கேள்விக்குத் தொடர்பில்லைதான். அந்தக் கண்ணாடியைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு வரவில்லை.

புதுக் கண்ணாடி மாட்டும்போது பீடிங்கின் பள்ளத்தில் மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வரவேண்டும். ரப்பரின் உதடு தானாக ஃபிரேமின் மேல் ஏறி உட்காரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கண்ணாடியின் ஓரம் போய்விடும்.

வேலை முடிந்ததும் படுதா இல்லாமலே பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கீல் நட்டுகளை மறுபடி தொட்டுப் பாருங்கள். ஆனால் வேலையைத் தொடங்கும் முன்னால் போல்ட்டைக் கழற்றி, வலது, இடது இரண்டு கீல் ஓட்டைகளையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். பார்த்துவிட்டு வெல்டிங்கா புஷ்ஷா என்று சொல்கிறேன்.