ஒரே ‘பைனோமியல்’, இரண்டு பொருள்

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளின் கணிதப் பாடத்தில் ‘பைனோமியல்’ என்ற சொல் வருகிறது. பள்ளி விடுமுறையில் தாவரவியல் பூங்காவுக்குப் போனபோது, மரத்தின் பெயர்ப்பலகையில் இருந்த இலத்தீன் பெயரையும் ‘பைனோமியல்’ என்றே சொல்வார்கள் என்றாள். இரண்டும் ஒன்றா? தமிழில் எப்படிச் சொல்வது?
– வாசகி, ஈசூன்

பதில்: இரண்டிற்கும் பொதுவாக இருப்பது ‘இரண்டு’ என்ற எண்ணிக்கை மட்டுமே. அந்த இரண்டும் எவ்வாறு சேர்கின்றன என்பதில் பெரும் வேறுபாடு உண்டு. ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பதைத் தமிழில் கணிதத்திற்கு ‘ஈருறுப்புக் கோவை’ என்றும் உயிரியலுக்கு ‘இருசொற்பெயர்’ என்றும் பிரித்து வழங்குகிறோம். இந்தப் பிரிப்பு மிகவும் பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன்.

ஈருறுப்புக் கோவை என்பது, கூட்டல் அல்லது கழித்தல் குறியால் இணைந்த, ஒன்றாகச் சுருக்க முடியாத இரண்டு உறுப்புகளைக் கொண்டது. ‘எக்ஸ் + 5’ அத்தகையது. ‘3எக்ஸ் + 5எக்ஸ்’ பார்வைக்கு இரண்டாகத் தெரிந்தாலும், 8எக்ஸ் என்று சுருங்கிவிடுவதால் ஓருறுப்புதான். ‘தாய்தந்தை’ என்னும் உம்மைத்தொகை ‘தாயும் தந்தையும்’ என விரியும்போது இருவரும் சமமாக நிற்பதுபோல, இங்கும் இரண்டு உறுப்புகளும் தனித்தனியே பொருளுடையவை. இடம் மாற்றிக் கூட்டினாலும் மதிப்பு மாறாது. ஆனால் அடுக்கேற்றும்போது கவனம் வேண்டும். 103-ஐ 100 + 3 என்று பிரித்து வர்க்கப்படுத்தினால், 10,000 + 600 + 9, அதாவது 10,609 கிடைக்கும். நடுவிலுள்ள 600, நூறும் மூன்றும் ஒன்றையொன்று இருமுறை பெருக்குவதால் வருவது. மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

உயிரியலில் நிலைமை வேறு. நீண்ட வருணனைத் தொடர்களால் தாவரங்களைக் குறித்துவந்த காலத்தில், சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு தாவரத்திற்கும் இருசொற்பெயரைச் சீராகச் சூட்டினார். 1758-இல் விலங்குகளுக்கும் அவ்வாறே செய்தார். முதற்சொல் பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதியைக் குறிக்கும்; அடுத்த சொல் அப்பேரினத்திற்குள் எந்த இனம் என்பதைச் சுட்டும். வரிசையை மாற்ற இயலாது. இரண்டாம் சொல்லைத் தனியே எடுத்தாலும் பயனில்லை. மாமரம் ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’, வேம்பு ‘அசாடிராக்டா இண்டிகா’, புளி ‘டாமரிண்டஸ் இண்டிகா’. வெறும் ‘இண்டிகா’ என்றால் இவற்றுள் எதைச் சொல்வது? (புளியின் தாயகம் ஆப்பிரிக்கா என்பதால், ‘இந்தியாவைச் சேர்ந்த’ என்னும் அந்த அடைமொழி பிறந்த இடத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லை.) இதற்கு நெருக்கமான தமிழ் உவமை, ‘சாரைப்பாம்பு’ போன்ற இருபெயரொட்டுப் பண்புத்தொகை. ஆயினும் தமிழில் சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் வரும். இலத்தீனில் பொதுவானது முன்னே நிற்கும்.

நம் மூத்தோர் பூமலை என்றழைத்த அதே தாவரவியல் பூங்காவில், சிங்கப்பூரின் ஐந்து வெள்ளிப் பணத்தாளின் பின்புறத்தில் இடம்பெற்ற தெம்புசு மரத்தை அடுத்த முறை மகளுக்குக் காட்டுங்கள். ‘ஃபக்ரேயா ஃபிராக்ரன்ஸ்’ என்றிருந்த அதன் பெயர், ஆய்வாளர்கள் அதை வேறு பேரினத்தில் சேர்த்த பிறகு ‘சைர்டோஃபைலம் ஃபிராக்ரன்ஸ்’ ஆயிற்று. முதற்சொல் மாறியது வகைப்பாடு மாறியதால். நறுமணம் உடையது எனப் பொருள்படும் இரண்டாம் சொல் அப்படியே தொடர்கிறது.