பழைய ரிப்போர்ட்டைத் தேடுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 57 வயது. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆகிறது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப்போன இடத்தில், கர்ப்பப்பையில் இரண்டு ஃபைப்ராய்டு கட்டிகள் (புற்றுநோய் அல்லாத சதைக்கட்டி) இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. பெரியது 5 செ.மீ. ரத்தப்போக்கு எதுவும் இல்லை. ராத்திரியில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு டாக்டர் கர்ப்பப்பையையே, “இனி அது எதற்கு, எடுத்துவிடலாம்” என்கிறார். இன்னொருவர், “தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள்” என்கிறார். விட்டால் புற்றுநோயாக மாறிவிடும் என்று மகள் தினமும் போனில் பயப்படுகிறாள். மாதவிடாய் நிற்பதற்கு முன்னால், வேறு எதற்காகவோ ஒரு ஸ்கேன் எடுத்த ஞாபகம் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்று நினைவில்லை. என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் பீரோவைத் துழாவுவேன். போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன அந்தப் பழைய ஸ்கேன்தான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் 54 வயதில் இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தவள். எனக்கும் இரண்டே நிமிடத்தில் “எடுத்துடலாம்மா” என்றுதான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பழைய ஃபைலைப் பிரித்து, இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் 6.3 செ.மீ., இப்போது 5.1. ஓரத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு நான் பயந்தது இருக்கிறதே! இன்னொரு டாக்டரிடம் காட்டினால் அவர் சிரித்தார். கட்டிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்றார்.

ஃபைப்ராய்டு வளர்வது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களால். மாதவிடாய் நின்றதும் இவை குறைந்துவிடுவதால், பெரும்பாலும் கட்டியும் மெதுவாகச் சுருங்கும். முழுதாக மறையாது, இருந்த இடத்தில் கெட்டியாகிக் கிடக்கும். ஆகவே உங்கள் பழைய ரிப்போர்ட்டில் 6 என்று இருந்து இப்போது 5 என்றால் ஒரு கதை. அப்போது 2 என்று இருந்து இப்போது 5 என்றால் முற்றிலும் வேறு கதை. ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்ஸிஃபென் எடுக்கிறவர்களுக்கும் கட்டி வளரக்கூடும். அப்படி எந்தக் காரணமும் இல்லாமல், மாதவிடாய் நின்ற பிறகு வளர்கிற கட்டியைச் சும்மா விடக்கூடாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: வேறு வேறு ஆட்கள் அளந்தால் அரை சென்டிமீட்டர் கூடக்குறைய வரும். அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மகளின் பயத்துக்கு வருகிறேன். சாதாரண ஃபைப்ராய்டு புற்றுநோயாக ‘மாறுவது’ என்பது கிட்டத்தட்ட நடப்பதே இல்லை. சார்கோமா என்கிற அரிதான புற்றுநோய், பார்வைக்கு ஃபைப்ராய்டு போலவே இருந்து ஏமாற்றுவதுதான் சிக்கல். ஸ்கேனை மட்டும் வைத்து அதை நூறு சதவீதம் பிரித்துச் சொல்ல முடியாது. வயது கூடக்கூட அந்தச் சந்தேகம் கொஞ்சம் கூடும். ‘வளர்கிறதா’ என்ற கேள்விக்கு அத்தனை எடை இருப்பது இதனால்தான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. லேப்ராஸ்கோபியில் சின்னத் துளை வழியாக எடுப்பதற்காகக் கட்டியை உள்ளேயே இயந்திரத்தால் துண்டாக்கும் முறை ஒன்று உண்டு. ஒளிந்திருக்கும் சார்கோமா அப்படித் துண்டாகும்போது வயிற்றுக்குள் சிதறிவிடலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் நிற்கப்போகிற பெண்களுக்கும் இந்தக் கருவி வேண்டாம் என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. 2014-லேயே எச்சரித்தது. நாளை ஆபரேஷன் என்றே முடிவானாலும், “எப்படி வெளியே எடுப்பீர்கள், முழுசாகவா துண்டாக்கியா?” என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான், சங்கடப்படாதீர்கள்.

ரத்தப்போக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் என் அக்கா கதையைச் சொல்லாமல் விட முடியாது. 60 வயதில் உள்ளாடையில் ஒரு நாணயம் அளவுக்குப் பழுப்புக் கறை. துவைத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். அடுத்த மாதமும் வந்தது. “எனக்குத்தான் கட்டி இருக்கே, அதனாலதான்” என்று அவளே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். மூன்று மாதம் கழித்துத்தான் வாயைத் திறந்தாள். கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருந்தது. பயாப்ஸி (துளி சதை எடுத்துச் செய்யும் சோதனை) எடுத்து, புற்றுநோய் இல்லை என்று தெரிகிறவரை வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. மாதவிடாய் நின்று 12 மாதம் கழிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் உடனே காட்ட வேண்டும். அப்படி வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் அந்தப் பத்தாவது ஆள் நாமா என்று பார்க்காமல் தெரியாது. உட்சுவர் 4 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை என்பார்கள். அதைத் தாண்டினாலோ, ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ பயாப்ஸிதான்.

இரவில் எழுந்திருப்பதைக் கட்டியின் தலையில் கட்ட அவசரப்பட வேண்டாம். கர்ப்பப்பையின் முன்பக்கச் சுவரில் இருக்கிற 5 செ.மீ. கட்டி சிறுநீர்ப்பையை அழுத்தலாம், உண்மைதான். ஆனால் சர்க்கரையும் இப்படி எழுப்பும், சிறுநீர்த் தொற்றும் எழுப்பும், கர்ப்பப்பை இறங்கியிருந்தாலும் எழுப்பும். இதையெல்லாம் பார்க்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, அப்புறமும் ராத்திரி மூன்று தடவை எழுந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? அதேசமயம், கட்டி அழுத்தி சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தால் நான் இவ்வளவு நீட்டி முழக்கமாட்டேன். தேதி குறித்துவிடுவேன்.

“இனி அது எதற்கு” என்கிற பேச்சுதான் எனக்கு ஆகாது. பிள்ளை பெற்றுவிட்டோம் என்பது ஓர் உறுப்பை வெட்டி எடுக்கக் காரணம் ஆகாது. மயக்க மருந்து, ரத்தம் உறைதல், பக்கத்தில் இருக்கும் சிறுநீர்க்குழாயில் காயம் படுகிற வாய்ப்பு எல்லாம் அந்த ஆபரேஷனோடு சேர்ந்தே வரும். வயிற்றைத் திறந்து செய்தால் பழையபடி நடமாட ஆறு வாரம் ஆகும். அதற்காக, கர்ப்பப்பை போனால் பெண்மையே போய்விடும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதுவும் எனக்குப் புரியவில்லை. தேவையென்றால் எடுத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியதுதான்.

எடுப்பதாக முடிவானால், சினைப்பையையும் சேர்த்து எடுப்பதா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், பதில் அதைப் பொறுத்து மாறும்.

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், நான் இப்போதைக்கு ஆபரேஷனுக்குப் போகமாட்டேன். சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனைகளை இந்த வாரமே முடித்துவிட்டு, ஆறு மாதத்தில் அதே இடத்தில் இன்னொரு ஸ்கேன் எடுப்பேன். இந்த வரிசை சரியா என்று உங்கள் இரண்டாவது டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட் பீரோவில் இல்லையென்றால் அப்போது ஸ்கேன் எடுத்த இடத்திலேயே கேட்டுப் பாருங்கள், பதிவு வைத்திருக்கலாம். கிடைத்ததும் அளவு என்ன என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.