நெற்றியில் கடுகு மாதிரி பருக்கள்: தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர், வேலை புதுச்சேரியில். தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். மூன்று வாரமாக நெற்றி முழுக்கக் கடுகு மாதிரி சின்னச் சின்னப் பருக்கள். வியர்த்தால் அரிக்கிறது. உடம்புச் சூடு என்று அம்மா தினமும் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துவிடுகிறார். மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் பத்து நாள் போட்டேன். முதல் நாலு நாள் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட அதிகமாகிவிட்டது. அடுத்த மாதம் அக்கா கல்யாணம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த க்ரீமை இன்றே நிறுத்துங்கள். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். மூன்றுமே ஸ்டீராய்டு மருந்துகள். சிவப்பையும் அரிப்பையும் உடனே அடக்கிவிடும், அதனால்தான் நாலு நாள் சுகமாக இருந்தது. ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்குவதால் அடியில் இருக்கும் கிருமி தடையில்லாமல் பெருகும். ஸ்டீராய்டே பருவை வரவழைப்பதும் உண்டு. பத்து நாள்தான் போட்டிருக்கிறீர்கள், அப்படியே விட்டுவிடலாம். மாதக்கணக்கில் போட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு, படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். முகத்துக்கு இந்த க்ரீம்களைச் சர்வசாதாரணமாக வாங்கிப் போட்டுத் தோல் மெலிந்து, நரம்பு தெரிய வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, இது என்ன? கண்ணாடி முன் நின்று கூர்ந்து பாருங்கள். வழக்கமான முகப்பருவில் கரும்புள்ளி, வெள்ளைப்புள்ளி, பெரிய பரு, சின்னப் பரு என்று எல்லாம் கலந்து இருக்கும், அரிப்பு அவ்வளவாக இருக்காது. உங்களுக்கோ எல்லாம் ஒரே அளவு, திடீரென்று வந்தது, வியர்த்தால் அரிப்பு. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் எனக்கு முதலில் தோன்றுவது, முடி வேர்க்குழிகளில் வரும் பூஞ்சைத் தொற்று.

மலசீசியா என்ற இந்தப் பூஞ்சை எல்லோர் தோலிலும் எப்போதும் இருப்பதுதான். பொடுகுக்குக் காரணமும் இதுவே. இதன் சாப்பாடு எண்ணெய்ப் பசையில் உள்ள கொழுப்பு அமிலங்கள். நம் தோலில் ஊறும் எண்ணெயே அதற்குப் போதும், தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களும் அதற்கு இரையாகலாம். எண்ணெய் வைத்த தலையோடு ஹெல்மெட் போட்டு, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நம் கடற்கரைப் புழுக்கத்தில் வருகிறீர்கள். அந்த ஈரமும் சூடும் பூஞ்சைக்கு ரொம்பவே தோதான இடம். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு அதைத் தினமும் துவையுங்கள். ஹெல்மெட்டின் உள் மெத்தையைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை அலசி வெயிலில் காய வையுங்கள்.

அம்மா அக்கறையில் செய்கிறார், அவரிடம் கோபப்பட வேண்டாம். ஒரு மாதத்துக்குத் தலையில் எண்ணெய் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். அப்புறம் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு முடியின் நீளத்துக்கு மட்டும் தடவி, நன்றாக அலசிவிடலாம். இரவு எண்ணெயோடு படுப்பது கூடாது. தலையணை உறையை மாற்றுங்கள்.

மருந்து என்று பார்த்தால், 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு. ஈரமான நெற்றியிலும் முடி ஓரத்திலும் நுரைக்கத் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள், கண்ணில் படாமல். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று வாரம். பொடுகு இருந்தால் வாரம் இரண்டு முறை தலைக்கும் அதையே போடலாம். குணமான பிறகும் வாரம் ஒருமுறை தொடருங்கள், ஏனென்றால் இது திரும்பி வரும் பழக்கமுள்ளது. முகப்பரு என்று நினைத்து ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். பூஞ்சையை அடக்கி வைக்கும் பாக்டீரியா அதில் செத்துப்போய், பூஞ்சை இன்னும் பெருகும்.

கல்யாணத்தை நினைத்துப் பதற வேண்டாம். அரிப்பு ஒரு வாரத்தில் குறையத் தொடங்கும், பரு அமுங்க மூன்று நாலு வாரம் ஆகும். அதுவரை கிள்ளாதீர்கள், ஃபேஷியல், ப்ளீச், எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். கிள்ளினால் வரும் கருந்தழும்பு மறைய மாதக்கணக்கில் ஆகும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் வலியுமாக நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அது அக்கி. காவி பூசி அக்கி எழுதிக்கொண்டு காத்திருக்க நேரமில்லை. மருத்துவர் தரும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. மூக்கு நுனியிலும் கொப்புளம் இருந்தால் கண்ணுக்கே ஆபத்து, அன்றைக்கே போயாக வேண்டும்.

நாலு வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மரிலும் தோல் பிரிவு இருக்கிறது. பருவைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா என்று தெரிந்துவிடும், தேவைப்பட்டால் மாத்திரை தருவார்கள். போகும்போது அந்த க்ரீம் டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.