கோடிக்கணக்கில் பணத்தை அடித்துக்கொண்டு போகும் உள் ஆட்கள் ஏன் இத்தனை சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள்?

பஞ்சாபில் லூதியானாவில் ஒரு பண வண்டிக் கம்பெனியில் நடந்த கொள்ளைச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். "சாவியே கையில் இருக்கிறது, ஓடி ஒளியக்கூடவா தெரியாது?" என்று கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஏ.டி.எம்.களுக்குப் பணம் நிரப்பும் ஏஜென்சி ஒன்றில் ஆறு வருடம் கஸ்டோடியனாக, அதாவது மெஷினைத் திறந்து பணம் வைக்கும் ஆளாக, இருந்தவன் நான். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என் ரூட். ஏஜென்சி பெயரைக் கேட்காதீர்கள்.

சுருக்கமான பதில் இதுதான். உள் ஆள் செய்த கொள்ளையில் போலீஸ் தேட வேண்டிய பட்டியல் ரொம்பச் சின்னது. சாவி யாரிடம், லாக் நம்பர் யாரிடம், அன்றைக்கு டூட்டியில் யார், மறுநாள் வேலைக்கு வராதது யார்? வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் பாதி விசாரணை முடிந்துவிடும்.

1997 அக்டோபர் 4, அமெரிக்காவில் சார்லட் நகரம். லூமிஸ் ஃபார்கோ என்ற பண வண்டிக் கம்பெனியின் பெட்டக மேற்பார்வையாளர் டேவிட் கேன்ட், புதிதாகச் சேர்ந்த பையனைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 1 கோடியே 73 லட்சம் டாலரை ஒற்றை ஆளாகக் கம்பெனி வேனிலேயே ஏற்றினார். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். கேமரா டேப்புகளை ஞாபகமாக உருவிக்கொண்டு போனவர், இன்னொரு கேமரா ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. அது இல்லாவிட்டாலும் சந்தேகம் அவர்மேல்தான் விழுந்திருக்கும், மறுநாள் ஆளையே காணோமே. அவர் மெக்சிகோவுக்கு ஓடினார். பணத்தை அமெரிக்காவிலேயே வைத்துக்கொண்ட கூட்டாளியோ, இழுத்துக்கொண்டு போகக்கூடிய மொபைல் ஹோம் வீட்டில் இருந்தவர், நேராக ஒரு மாளிகைக்குக் குடி போனார். அவர் மனைவி வங்கிக்குப் போய், எவ்வளவு வரைக்கும் போட்டால் அரசாங்கத்துக்குச் சொல்ல மாட்டீர்கள் என்று கவுன்ட்டரிலேயே கேட்டிருக்கிறார்! ஐந்தே மாதம், 1998 மார்ச்சில் முக்கியமானவர்கள் எல்லோரும் உள்ளே. அதற்குள் அந்தக் கூட்டாளி, கேன்ட்டைத் தீர்த்துக்கட்டவும் ஆள் ஏற்பாடு செய்திருந்தார் என்பது தனிக்கதை.

லூதியானாவில் 2023 ஜூனில் 8 கோடியே 49 லட்சம் போனது. அங்கேயும் உள்ளே வேலை பார்த்த ஆள்தான் வழி காட்டியது. திட்டம் போட்டதாகச் சொல்லப்பட்ட பெண்ணும் கணவரும், காரியம் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொல்ல உத்தராகண்டில் இருக்கும் சீக்கியத் தலமான ஹேம்குண்ட் சாஹிப்புக்கு யாத்திரை போயிருந்தார்கள். அத்தனை கூட்டத்தில் முகத்தை மூடியிருப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது? போலீஸ் வழியில் ஃப்ரூட்டி இலவசமாகக் கொடுத்தது. குடிக்க இருவரும் முகத்துணியை விலக்கினார்கள், ஆள் அடையாளம் தெரிந்தது. எட்டரைக் கோடிக்குத் திட்டம் போட்டவர்களைப் பிடித்துக்கொடுத்தது பத்து ரூபாய் ஜூஸ் பாக்கெட்.

இன்னொன்று, பணத்தின் கனம் வெளி ஆளுக்குத் தெரியாது. ஐந்நூறு ரூபாய்த் தாளில் ஒரு கோடி என்றால் 20,000 தாள், 200 கட்டு. இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். எட்டு கோடியை எடுத்தவன் அதை எங்கே வைப்பான்? டெல்லியில் 2015-ல் ஒரு வேன் டிரைவர், காவலுக்கு வந்தவர் ஒதுங்குவதற்காக இறங்கிய நேரத்தில் இருபத்திரண்டரைக் கோடியோடு வண்டியைக் கிளப்பிவிட்டார். மறுநாள் விடிவதற்குள் ஓக்லாவில் ஒரு குடோனில் பிடித்துவிட்டார்கள். சில ஆயிரம்தான் செலவாகியிருந்தது. பாவம் என்று சொல்லக்கூடாது, ஆனால் மனதுக்குள் அப்படித்தான் வந்தது.

உடனே கமெண்ட்டில் வந்து "திருடனுக்கு வக்காலத்தா" என்று ஆரம்பிக்காதீர்கள். சம்பளம் கம்மி என்றால் திருடலாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு 7,200 ரூபாய் சம்பளம். தினமும் அறுபது, எழுபது லட்சம் கையில் புரளும். ஒரு தாள்கூட எடுத்ததில்லை. எடுக்கத் தோன்றவும் இல்லை. மூன்றாம் மாதத்துக்கு அப்புறம் அது பணமாகவே தெரியாது, செங்கல் மாதிரி. சாயங்காலம் பஸ்ஸுக்குப் பத்து ரூபாய் சில்லறை தேடும்போதுதான் பணம் என்ற ஞாபகமே வரும்.

இனி என் கதை. அந்தச் சின்னப் பட்டியலில் என் பெயரும் ஒரு முறை இருந்தது. அதனால்தான் உங்கள் கேள்வி கொஞ்சம் உறுத்தியது.

2013. ஒரு மெஷினுக்கு இரண்டு கஸ்டோடியன். லாக் நம்பரில் பாதி எனக்கு, பாதி இன்னொருவருக்கு, ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியாது. என் ஜோடி என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு வரிசைக் கடையில் இரண்டு வங்கிகளின் மெஷின்கள் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன. இரண்டையும் ஒரே டிரிப்பில் நிரப்புவோம். ஒரு திங்கட்கிழமை முதல் மெஷினில் கேசட், அதாவது தாள் அடுக்கும் பெட்டி, காலியாகிவிட்டது, கணக்கிலோ இன்னும் 800 தாள் இருப்பதாகக் காட்டியது. ஐந்நூறு ரூபாய்த் தாள். நாலு லட்சம் ஷார்ட்டேஜ்.

அண்ணன் அன்றைக்கே சொன்னார்: "பக்கத்து மெஷினைத் திறந்து பாருங்க சார். எட்டுக் கட்டு அதுக்குள்ள மாறிப் போயிருக்கும். அன்னைக்கு ரெண்டு மெஷினுக்கான பணத்தையும் ஒரே பையில போட்டுத்தான் கொடுத்தீங்க." அது வேறு வங்கியின் மெஷின், நினைத்த நேரத்தில் திறக்க முடியாது, அடுத்த லோடிங் வரட்டும் என்றார் எங்கள் ஏஜென்சியின் கிளை அதிகாரி. ஒதுக்குப்புறமான மெஷின், அடுத்த லோடிங் ஒன்பது நாள் கழித்துத்தான்.

மெஷினைத் திறக்க அனுமதி வேண்டும். என் வீட்டைத் திறக்க வேண்டாம். மறுநாள் காலையில் ஆடிட்டர் ஒருவரும் கூட ஒரு ஆளும் வந்துவிட்டார்கள். என் மனைவி விவரம் தெரியாமல் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் தேட ஆரம்பித்தார்கள். பீரோ, சாமி படத்துக்குப் பின்னால், அப்புறம் அரிசி டிரம். ஆடிட்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்கை வரைக்கும் அரிசிக்குள் விட்டுத் துழாவினார். வாட்சைக் கழற்றவில்லை. கையை எடுத்தபோது வாட்ச் பட்டைக்கு நடுவில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டபடியே, "பாப்பா கழுத்துல புதுச் சங்கிலி மாதிரி இருக்கே?" என்றார்.

போன மாதம்தான் பாப்பாவுக்குக் காதுகுத்து நடந்திருந்தது. ஒன்றரைப் பவுன். தாய்மாமன் பாதி, நான் பாதி. ரசீதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு தேதியைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், செல்போனில் படம் எடுத்தார்.

அந்த ரசீதை நானும் ஒழுங்காகப் படித்தது அன்றைக்குத்தான். சேதாரம் 16 சதவீதம்! மெஷினில் வார்த்து வரும் சங்கிலியில் எங்கே சேதாரம் ஆகிறது, யாராவது சொல்லுங்களேன். பன்னிரண்டு கிராம் சங்கிலிக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிராம் காசு காற்றில் போகிறது. அந்தச் சேதாரத் துகளைக் கூட்டிப் பெருக்கி உருக்கி எடுத்துக்கொள்வதும் அவர்கள்தான். அதே சங்கிலியை அவர்களிடமே விற்கப் போனால் சேதாரத்தைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பேச்சு. இதற்கு ஒரு விசாரணை கிடையாது, ஒருத்தர் வீட்டு அரிசி டிரம்மிலும் யாரும் கையை விடுவதில்லை. நகைக்கடை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எல்லாக் கடையையும் சொல்லவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பது நாளும் எங்கள் இருவரையும் டூட்டியில் இருந்து நிறுத்தி, ஆபீஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே கூப்பிடுவார்கள், அதே நாலு கேள்வி, மறுபடி நாற்காலி. வண்டிக் காவலுக்குத் துப்பாக்கியோடு வரும் கன்மேன் ஒருவர் மட்டும் மதியம் வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். மற்றவர்கள் கண்ணைப் பார்க்காமல் போனார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, அடுத்த முறை பட்டியலில் யாரோ. தெருவில் அதற்குள் நாலு லட்சம் நாற்பது லட்சமாகியிருந்தது.

பத்தாம் நாள் பக்கத்து மெஷினைத் திறந்தார்கள். எட்டுக் கட்டு அதிகம். அண்ணன் சொன்ன அதே எட்டு. தப்பு எங்களுடையதும்தான், ஏற்றும்போது கட்டை எண்ணியிருக்க வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் "டேலி ஆயிடுச்சு, நாளைலேருந்து ரூட்டுக்கு வாங்க" என்று ஒரு போன், அவ்வளவுதான். ஒன்பது நாள் சம்பளம் வரவில்லை. அண்ணன் அந்த மாதமே நின்றுவிட்டார், கம்பத்தில் மச்சானோடு திராட்சை லோடு ஏற்றப் போனார். நான் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னும் மூன்று வருடம் ஓட்டினேன்.

2018-ல் உள்துறை அமைச்சகம் விதி கொண்டுவந்தது. ஒரு டிரிப்பில் 5 கோடிக்கு மேல் கூடாது, ஊர்ப்புறத்தில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் நிரப்பக்கூடாது, வண்டியில் இரண்டு ஆயுதக் காவலர், ஜி.பி.எஸ். என்றெல்லாம். நல்லதுதான். நான் இருந்த நாளில் இரவு பதினொரு மணிக்கு ஒரே ஒரு கன்மேனோடு கணவாய் ஏறியிருக்கிறோம்.

ஏன் சீக்கிரம் மாட்டுகிறார்கள் என்றுதானே கேட்டீர்கள்? எடுத்தவனைத் தேடும்போது எடுக்காதவனும் அதே வலையில்தான் விழுகிறான், கதவைத் தட்டுவதற்கு மொத்தமே நாலு வீடுதான் இருக்கிறது. அந்தச் சங்கிலி கொரோனா நேரத்தில் அடகுக்குப் போய் மூழ்கிவிட்டது. ரசீது மட்டும் பீரோவில் அப்படியே இருக்கிறது, போன வாரம்கூடப் பார்த்தேன்.